தேதி போடாத பேனர்கள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இல்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் நான் காலேஜை விடவில்லை. எல்லோரும் அதையே கேட்கிறார்கள். சில பேரிடம் ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன், பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்று. மூன்றாம் வருடம் வகுப்பில் உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன், அவ்வளவுதான். அப்பா படுத்தது அதற்குப் பிறகு. இன்று ரெஜினா அக்கா கேட்டாள். பதில் சொல்வதற்குள் காதுகுத்து பேனருக்கு ஆள் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

கடை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். கனி டிஜிட்டல்ஸ். பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. முதலாளி சண்முகக்கனி அண்ணாச்சி. டிசைன் ரெஜினா அக்கா. மிச்சம் எல்லாம் நான். மெஷினில் ரோல் மாட்டுவேன், ஓரம் மடித்து ஒட்டுவேன், மூலைகளில் வளையம் அடிப்பேன், நெட் போனால் பார்ப்பேன்.

காலையில் கம்ப்யூட்டர்களைத் திறந்தபோது டிசைன் நகல்களை வைக்கிற பேக்கப் பெட்டியின் திரையில் அதே சிவப்புப் புள்ளி. முக்கியமான பாதுகாப்பு அப்டேட், இப்போதா பிறகா என்று கேட்டது. 'பிறகு' அழுத்தினேன். கடை திறந்ததும் வாசல் பெருக்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

ஆகஸ்ட் 20, புதன்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போன் செய்தார். கல்லீரல். படுத்தபடியே ஊர் வாட்ஸப் குழு ஒன்று விடாமல் பார்க்கிறார். கண்ணீர் அஞ்சலி எதில் வந்தாலும் முதல் ஆளாகக் கைகூப்புகிற படம் போடுவார். அடுத்தது எனக்குப் போன்.

"அந்த எண்ணெய்க்கடைக்காரரு மொகத்த எதுக்குடா அம்புட்டு வெள்ளையாக்குனீக? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

"நான் பண்ணலப்பா. அக்கா பண்ணுனது."

"எழுத்தாச்சும் நல்லாப் போடக் கூடாதா? மறைவுங்கிற எழுத்துக்குப் பின்னாடி நெழலு விட்டுருக்கீக. செத்த பெறகும் நெழலா?"

"சரிப்பா. சொல்றேன்."

"என்னைக்கு வார?"

"முகூர்த்தம் முடியட்டும்ப்பா. வேலை கெடக்கு."

வேலை நிஜமாகவே கிடக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒருவர் வந்து, கூட்டம் குறையும்வரை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். கடை காலியானதும் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். மாமனாராம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம்.

"நேரத்துல வந்து அல்லாடக் கூடாதுல்லம்மா. எங்க பெரியப்பா எழவுல பெரிய மச்சான் பேர விட்டுட்டானுக. பொணத்த எடுக்க விடாம அடிதடி."

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். போட்டோவை வாங்கினாள், பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி அடித்தாள், தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதியைப் போட்டாள். மறைவு என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

எங்கள் கடையில் இது வழக்கம்தான். தேதி போடாத பேனர் என்று சொல்வோம். ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் அது இருக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். ஒரு தடவை கல்யாண பேனர் பார்க்கப் பெண் வீட்டார் வந்தபோது திரையில் கண்ணீர் அஞ்சலி இருந்திருக்கிறது. படத்தில் இருந்த தாத்தாவே அவர்களோடு வந்து உட்கார்ந்திருந்தாராம். அன்றிலிருந்து இந்த டிசைன்கள் மட்டும் பின் அறையில் இருக்கும் பேக்கப் பெட்டிக்குப் போய்விடும். அதில் 'காத்திருப்பு' என்று ஒரு போல்டர். எல்லாக் கம்ப்யூட்டரின் நகலும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது, கம்ப்யூட்டர்களில் இடம் இல்லாததால் முடித்த டிசைன்களைத் திறப்பதும் அங்கிருந்துதான். கோயம்புத்தூரில் மகள் வீட்டிலிருந்தே போனில் டிசைன் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி அதை இன்டர்நெட்டுக்கும் திறந்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

என்னோடு படித்த பெனிட்டோ சென்னையில் வேலையில் இருக்கிறான். படித்து முடித்தவன். எங்கள் பழைய வகுப்புக் குழுவில் எழுதியிருந்தான்: ஒரு பேக்கப் சாப்ட்வேரில் ஓட்டை இருக்கிறது, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வருகிறார்கள், அதை அடைக்கும் அப்டேட் வந்து மாதக்கணக்காகிறது, போடாதவர்கள் இன்றைக்கே போடுங்கள். பெயரைப் பார்த்தேன். எங்கள் பெட்டியில் இருப்பதுதான்.

அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"ஓட்டையா? எதுலடே?"

"சாப்ட்வேர்ல அண்ணாச்சி. எவன் வேணா உள்ள வரலாமாம்."

"வந்து? காதுகுத்து பேனரப் பாத்துட்டுப் போவட்டும்."

"வெளாட்டு இல்ல அண்ணாச்சி."

"போன வருசம் இப்படித்தான் ஒரு பய அப்டேட்டுன்னு அமுக்குனான். டிசைன் சாப்ட்வேரு படுத்துட்டு. எழுத்து பூரா கட்டம் கட்டமா வந்துச்சு. மணமகன்னு போட்டு அதுக்குக் கீழ நாலு கட்டம். மாப்ள வீட்டுக்காரன் என்னையக் கட்டம் கட்டிட்டுப் போனான்."

அந்த டிசைன் சாப்ட்வேர் காசு கொடுத்து வாங்கியது இல்லை, யாரோ உடைத்துப் போட்டுக் கொடுத்தது. அப்டேட் பட்டால் செத்துவிடும். அதனால் கடையில் எதற்குமே அப்டேட் கிடையாது. பெட்டி வேறு, அது வேறு என்று சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாம் ஒரே வயர்லதான போவுது? சதுர்த்தி முடியட்டும்."

வெள்ளிக்கிழமை என்பதால் மெஷினுக்குச் சூடம் காட்டினார். பின் அறைக்கும் வந்து பெட்டிக்குக் காட்டி, அதன் நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் குங்குமம் வைத்தார்.

"பொட்டு வச்சாச்சு. இனி எவனும் வர மாட்டான்."

ஆகஸ்ட் 25, திங்கள்

பிறகு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பிள்ளையார், பிள்ளையார், பிள்ளையார். கண்ணை மூடினாலும் தும்பிக்கை தெரிகிறது. சாப்பிடவே நேரம் இல்லை. பிறகு.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் அக்கா பின் அறைக்குக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"நீதான பண்ணுன?"

"என்னத்த?"

காத்திருப்பு போல்டரில் சீனிவாசகம் என்பவரின் டிசைன் திறந்திருந்தது. ஓய்வு பெற்ற கண்டக்டர். அவர் மகன் ஆடி மாதம் வந்து சொல்லிவிட்டுப் போனது. காலியாக இருந்த இடத்தில், மறைவு என்பதற்குப் பக்கத்தில், ஆகஸ்ட் 30 என்று இருந்தது.

"நாளக் கழிச்சுடா! அவரு உசுரோட இருக்காருடா. இப்பத்தான் அவரு பேத்தி ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போகுது."

"நான் இந்தப் பக்கமே வரலக்கா."

அக்கா தேதியை அழித்துச் சேமித்தாள். நான் டீ வாங்கப் போனேன். வந்து பார்த்தபோது தேதி மறுபடியும் இருந்தது. அவள் கை மடியில் இருந்தது. "நான் தொடலடா" என்று இரண்டு தடவை சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கடை முழுக்க அடங்கியது. பெட்டிக்கு மட்டும் தனி பேட்டரி. இருட்டில் அதன் காற்றாடி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ வாயால் மூச்சு விடுகிற மாதிரி.

கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். திறந்தவரை எல்லோருக்கும் தேதி போட்டிருந்தது. ஆளுக்கு ஒரு நாள். கீழே கடிதம் மாதிரி ஒரு கோப்பு, எந்த மெஷினோ மொழிபெயர்த்த தமிழில்:

'அன்புள்ள கடைக்கு. உங்கள் காத்திருப்பவர்கள் இப்போது எங்களிடம் காத்திருக்கிறார்கள். காலி இடங்களை நாங்கள் நிரப்பினோம். தொகை வராவிட்டால் தேதிக்கு முந்தைய நாளில் ஒருவரை அனுப்புவோம். மரியாதையுடன்.'

அண்ணாச்சி படித்துவிட்டு, "அனுப்புவோம்னா எங்கடே?" என்றார்.

பணம் கொடுப்பதில்லை, போலீஸுக்குப் போவது என்று முடிவானது. அக்கா மீதியைத் திறந்துகொண்டே போனவள் சட்டென்று திரையைச் சுவர் பக்கம் திருப்பினாள். "லிஸ்ட நான் பாத்துக்கிறேன். நீ போயி அந்த அப்டேட்டப் போடு." அவள் ஒருநாளும் திரையைத் திருப்ப மாட்டாள்.

அப்டேட் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. இதற்குத்தான் இத்தனை நாள். சிவப்புப் புள்ளி பச்சையானது. பூட்டியாயிற்று.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அனுப்பிவிட்டார்கள்.

கடை கஸ்டமர் அத்தனை பேருடைய நம்பருக்கும் ஏதோ வெளிநாட்டு நம்பரிலிருந்து கண்டக்டரின் கண்ணீர் அஞ்சலி போயிருக்கிறது. மிச்சத்தை ஊரே செய்துவிட்டது. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழு, அதிலிருந்து அடுத்தது. நானும் அண்ணாச்சியும் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

தெருமுனையிலேயே பந்தல்காரன் கம்பு இறக்கிக்கொண்டிருந்தான். வாசலில் நிறைய பேர், கையில் மாலையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் சீனிவாசகம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனால் இருந்தார்.

"யாருக்குய்யா மாலை?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஆளாளுக்கு மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கடைசியில் ஒரு டிரைவர், கூட வேலை பார்த்தவராம், "ஒங்களுக்குத்தான் அண்ணே... பொய்யாம், பொய்யாம்" என்று அழுதுவிட்டார்.

"எனக்கா?" கண்டக்டர் சிரித்தார். "சரி. வந்ததுதான் வந்தீக, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க. ஏத்தா, பால் இருக்கா?"

அவர் பேத்தி எங்களையே பார்த்தாள். "கீழ கனி டிஜிட்டல்ஸ்னு போட்டுருக்கு" என்றாள். எங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் எல்லா பேனரிலும் கீழே இருக்கும். அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

கண்டக்டர் என் போனைக் கேட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். கட்டைவிரலால் தேதியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், திரையில் அழுக்கு ஒட்டியிருக்கிற மாதிரி. பிறகு கஞ்சியைக் குடிக்கவில்லை.

கொண்டு வந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போவதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் வாசலில் நின்ற ஒரு சைக்கிளில் மாட்டிவிட்டுப் போனார்கள். சைக்கிளே தெரியவில்லை.

வரும் வழியில் அப்பா.

"கண்டக்டர் சீனிவாசகம் போய்ட்டாராமே."

"இல்லப்பா. தப்பா வந்துருச்சு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

"தப்பா எப்பிடிடா வரும்? படத்தோட வந்துருக்கு."

ஆகஸ்ட் 30, சனி

சீனிவாசகம் இறந்துவிட்டார். மத்தியானம், தூக்கத்தில்.

எப்படியும் இறந்திருப்பார். டாக்டர் ஆடியிலேயே சொல்லிவிட்டார். இதை இன்று அக்காவிடம் சொன்னேன், அண்ணாச்சியிடம் சொன்னேன், டீக்கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் என்னிடம் எதையும் கேட்டிருக்கவே இல்லை.

மகன் வந்து பேனர் கேட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. "அதையே அடிங்க" என்றார். மெஷினில் போட்டேன். மேலிருந்து கீழே அச்சாகும். முதலில் நெற்றி, பிறகு புருவம், பிறகு கண். கண் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எப்போதும் பேனர் அடிப்பதற்கு முன்னால் அக்கா தேதியைப் போடுவாள். இதில் போட ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தாள். காத்திருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் போன் செய்து எச்சரிக்கிற வேலையை அவளே பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. போல்டரைத் திறந்தேன்.

அப்பா இருக்கிறார்.

வீரபத்திரன் என்று பெரிய எழுத்து. அண்ணன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. அப்பாவின் இடது தோளில் ஒரு கை கிடக்கிறது. பக்கத்தில் நின்ற ஆளை வெட்டிவிட்டார்கள், கையை வெட்ட முடியவில்லை. அது என் கை. மணிக்கட்டில் கட்டியிருக்கிற அந்தக் கயிறு எனக்குத் தெரியும்.

கீழே: மனைவி காமாட்சி. மகன் சௌந்தர். மருமகள், பேரன். அவ்வளவுதான். மகன். மகன்கள் என்று இல்லை.

மறைவு: செப்டம்பர் 5.

மூடிவிட்டேன். எதையும் தொடவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

"ஏன்க்கா சொல்லல?"

அக்கா பார்த்துக்கொண்டிருந்த கல்யாண டிசைனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒங்கண்ணன் சொல்லக் கூடாதுன்னாரு. நீ அன்னைக்குக் கொரியர் ஆபீஸ் போயிருந்த."

"என் பேரு எங்க?"

"அவரு குடுத்ததத்தான்டா அடிப்பேன்."

"கேக்க மாட்டியா? ஒரு வார்த்தை?"

"கேட்டேன்டா! தவசி பேரு எங்கன்னு கேட்டேன்." இப்போது திரும்பினாள். "மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாரானான்னு பாப்போம், வந்தாப் போட்டுக்கலாம்னாரு. நான் என்னடா சொல்லட்டும்?"

அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, வியாழக்கிழமைக்குள் அப்பாவிடமிருந்து போனை வாங்கி வை என்றேன்.

"எங்கிட்டக் குடுக்க மாட்டாரு. நீ வந்து வாங்கு" என்று வைத்துவிட்டான்.

பெனிட்டோவுக்கும் செய்தேன். அவன் குரலில் ஏசி சத்தம் கேட்கிறது.

"பேட்ச், அந்த அப்டேட்டு, போட்டியா?"

"போட்டேன். வியாழக்கெழமை."

"அவன் எப்ப உள்ள வந்தான்?"

"தெரியல. அதுக்கு முந்தி."

"அப்பப் பேட்ச் போட்டு என்னடா? அது கதவத்தான் பூட்டும். உள்ள உக்காந்துருக்கவன வெளிய தள்ளாது. அவன் ஓட்டை வழியா வந்து தனக்குன்னு ஒரு சாவி செஞ்சு வச்சிருப்பான். யூசர் லிஸ்டப் பாரு. பாஸ்வேர்டு பூரா மாத்து. பெட்டிய மொத்தமா அழிச்சுப் புதுசாப் போடு. அழிச்சுட்டுப் பழைய பேக்கப்லேருந்தே திருப்பி எடுத்துராத, அதுக்குள்ளயும் அவன் இருப்பான்."

"அழிச்சா முகூர்த்த டிசைன் எல்லாம் போயிருமேடா."

"வர வேணாங்கிறவன் வந்து நிக்கிறான், நீ டிசைனுக்கு அழுவுற. புள்ளியப் பாத்தியே, அன்னைக்கே போட்டிருந்தா இவ்வளவும் இல்லடா."

அவனுக்கு எல்லாம் தெரியும், சம்பளம் வாங்குகிறான். யூசர் லிஸ்ட் பார்த்தேன். கனி, ரெஜினா, தவசி, கனி2. அண்ணாச்சிக்கு இரண்டு போன். அதனால் கனி2 இருக்கும். கேட்க வேண்டும். அவர் விருதுநகருக்கு, புகார் கொடுக்கப் போயிருக்கிறார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பாளையம்பட்டி அம்மா ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி வந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்ததால் யாரும் மாலையோடு போகவில்லை. ஆனால் இரண்டு பேர் சும்மா பார்க்கப் போனார்களாம். உயிரோடு இருக்கிறாரா என்று.

போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டு, பெட்டியை நெட்டிலிருந்து கழற்றி வைக்கச் சொன்னார்களாம். அண்ணாச்சி கழற்றினார். டிசைன் எதுவும் திறக்கவில்லை, கல்யாணக்காரர்கள் கத்தினார்கள், சாயங்காலத்துக்கு முன்னாலேயே மாட்டிவிட்டார். கனி2 பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "நாளைக்குப் பேசுவோம்டே" என்றார்.

பாளையம்பட்டி அம்மா இருக்கிறார். நான் போன் செய்து கேட்டேன். யார் பேசுவது என்று கேட்டார்கள், வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

இன்றைக்கு அப்பாவின் கோப்பை மறுபடி திறந்தேன். தேதியை அழித்தேன். திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அப்படியென்றால் போய்விட்டார்கள். பேட்ச் வேலை செய்கிறது. பெனிட்டோ பெரிய ஆள் மாதிரி பேசுகிறான்.

கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன். தோளில் இருக்கிற கையை அழிக்கலாமா என்று பார்த்தேன். பிறகு மூடினேன். அக்கா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிருந்து என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

வளையம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

காலை வண்டிக்கே மதுரை கிளம்புவதாக இருந்தேன். செருப்பு மாட்டிய பிறகு, முதலில் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று கடைக்கு வந்தேன். அங்கே போனால் போனை மட்டும் வாங்க முடியாது. பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு உட்கார வராது.

அண்ணாச்சி சூடம் வாங்கி வந்திருந்தார். நாளைக்குத்தான் வெள்ளி, அவருக்கு இன்றைக்கே காட்டவேண்டும் போலிருந்ததாம்.

"அண்ணாச்சி, கனி2ன்னு இன்னொரு யூசர் வச்சிருக்கீங்களா? ரெண்டாவது போனுக்கு?"

"எனக்கு எதுக்குடே ரெண்டு? கனி ஒண்ணுதான். அதுக்கே பாஸ்வேர்டு மறந்துபோவுது."

கையில் கற்பூரத்தோடு என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். குங்குமம் காய்ந்து உதிர்ந்து கொஞ்சம் மட்டும் ஒட்டியிருந்தது. பச்சைப் புள்ளி அமைதியாக எரிந்தது. யூசர் லிஸ்டைத் திறந்தேன். கனி2வுக்குப் பக்கத்தில் 'இப்போது உள்ளே இருக்கிறார்' என்று எழுதியிருந்தது. கீழே உள்ளே வந்த நேரங்களின் பட்டியல்: நான் ஓட்டையை அடைத்த நாளிலும் உள்ளேதான். நேற்று நான் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் உள்ளேதான். பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

நெட் வயரைப் பிடுங்கினேன். வயர் கையில் இருக்கும்போதே போன் அடித்தது. அப்பா.

"தவசி. படம் வந்துச்சுடா."

"எந்தப் படம்?" என்று கேட்டேன். முட்டாள் மாதிரி.

"ஏன்டா, என் படந்தான். சௌந்தர் கல்யாணத்துல எடுத்தது. அன்னைக்கு நல்லாச் சவரம் பண்ணிருந்தேன்ல."

"அப்பா, அது பொய்ப்பா. திருட்டுப் பயலுக உள்ள பூந்து..."

"பொய்னு எனக்குத் தெரியாதா? நான் இங்க கெடக்கேன், ஒங்கம்மா ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கா." மூச்சு வாங்கினார். எனக்குக் காத்திருக்கத் தெரியாது, ஆனாலும் காத்திருந்தேன். "மொகத்த வெள்ளையாக்கல. அது நல்லாருக்கு. ஆனா அண்ணன் பேரு அம்புட்டுப் பெருசா இருக்கு, ஒம் பேரு எதுக்குடா ஓரத்துல பொடி எழுத்துல கெடக்கு?"

ஆமாம், என் பெயர். நேற்று நான்தான் போட்டேன். இங்கே எழுதவில்லை. மகன் என்பதை மகன்கள் என்று மாற்றி, சௌந்தருக்குப் பக்கத்தில் சின்னதாகத் தவசி என்று அடித்தேன். பெரிதாக அடிக்கக் கை வரவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவன் எடுத்துத் தேதியை மட்டும் திருப்பிப் போட்டு அனுப்பிவிட்டான்.

"அப்பா..."

"சரி பண்ணி எடுத்துட்டு வா. நான் பாக்கணும். நாளைக்குன்னுல்ல போட்டுருக்கு."

பின்னால் அம்மா ஏதோ கத்துவது கேட்டது. அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் உடனே வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். பெட்டியை அழித்துவிட்டுப் போகச் சொல்கிறார் அண்ணாச்சி, முகூர்த்தம் போனால் போகட்டும் என்கிறார், இப்போது சொல்கிறார். கரண்டைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். பிடுங்கினாலும் பேட்டரியில் காற்றாடி இன்னும் ஓடுகிறது. ஓடட்டும். வந்து பார்த்துக்கொள்கிறேன். வாசலில் அக்கா ஹாரன் அடிக்கிறாள், மதுரை வரைக்கும் அவளே கொண்டுவிடுகிறாளாம், நான் போக வேண்டும்.